இரவுணவை நிறுத்தியவர்கள்

உடம்பைப் பற்றிப் பேசுவது படித்தவனுக்கு அழகன்று என்ற எண்ணம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. உள்ளத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். இடுப்பின் சுற்றளவைப் பற்றி ஒரு வரி எழுத நாணுவோம். ஆயினும், இருபத்தொன்பதாவது வயதிலே எமது உடம்பு எமக்குக் கற்பித்த பாடத்தை ஆசிரிய நண்பர்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வது கடமையெனக் கருதுகின்றோம்.

அது 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பெற்றோலுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம். எமது மோட்டார் சைக்கிள் விறாந்தையில் உறங்கியது. தந்தையாரின் பழைய சைக்கிளைத் துடைத்தெடுத்து, ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாடசாலைக்குப் புறப்பட்டோம். முதல் நாளே பாதி வழியில் இறங்கி, வேலியோரப் பூவரசைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நேர்ந்தது. எமது தந்தையார் அறுபது வயது வரை அதே சைக்கிளில் வெங்காய மூட்டை கட்டிச் சந்தைக்குச் சென்றவர். அவருடைய மகன் புத்தகப்பை ஒன்றைச் சுமந்து அரைவழி செல்ல இயலாதவனாயிருந்தான்.

அவ்வாரமே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று எம்மைப் பரிசோதித்துக்கொண்டோம். நிறை 84 கிலோகிராம். வெறும் வயிற்றில் எடுத்த குருதியில் குளுக்கோசின் அளவு டெசிலீற்றருக்கு 118 மில்லிகிராம். அது 126 ஐ எட்டினால் நீரிழிவு. "இன்னும் நோயாளி ஆகவில்லை, நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள்" என்றார் வைத்தியர். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்குமாறும், வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்குமாறும் கூறினார். இவ்வளவையே இலக்காக வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், வாசற்படியில் நின்றோர் நோயாளராவது, வெறும் போலி மருந்து பெற்றோரோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில் 58 வீதம் குறைந்ததென்பதைப் பின்னர் படித்தறிந்தோம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். நாளொன்றுக்கு ஐந்து தேநீர். ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு நான்கு கிராம் என வைத்தாலும் 60 கிராம். வளர்ந்த ஒருவருக்கு 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குள் அடங்கின் இன்னும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிற்றுண்டிச்சாலையின் ரோல்சையும் வடையையும் நாம் இன்னும் கணக்கிற் சேர்க்கவேயில்லை. காலையில் பாண், மாலையில் ரோல்ஸ், இரவில் கோதுமை மாப் புட்டு. ஊரார் இன்றும் 'அமெரிக்கன் மா' என்றழைக்கும் அந்த மாவே எம் உடம்பின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பியிருந்தது.

எனவே தொடங்கினோம். தேநீரில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து, ஈற்றில் விட்டொழித்தோம். கோதுமை மாப் புட்டு குரக்கன் புட்டாயிற்று. கோப்பையிற் பாதி முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்; கால்வாசி சிவப்பரிசிச் சோறு; எஞ்சிய கால்வாசி பயறு அல்லது சூடைமீன். இரவில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு நிறுத்தினோம். அதிகாலையில் தோட்டவெளிப் பாதையில் அரைமணி நேரம் நடந்தோம்.

அந்தப் பாதையில்தான் முதலாவது அடி விழுந்தது. வெங்காயத் தோட்டத்துக்குக் களை பிடுங்கச் செல்லும் பெண்கள் எதிரே வருவர். அவர்களுள் மூத்தவர் ஒருநாள் எம்மை நிறுத்தி, "எங்கை மாஸ்ரர் விடிய வெள்ளணப் போறியள்?" என்று கேட்டார்.

"ஓரிடமும் இல்லையக்கா. சும்மா நடக்கிறன். உடம்புக்கு."

"சும்மா நடக்கிறியளோ!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கடை தோட்டத்துக்கு வாங்கோவன். நாலு பாத்தி கொத்தினால் காணும், கூலியும் கிடைக்கும்."

பகடிதான். ஆயினும் அன்றைய நடை முழுவதும் அது எம்மைத் தொடர்ந்து வந்தது. உடல் அசையாது வாழ்வதற்காகவே எம்மைப் படிப்பித்தார்கள். அசையாத உடம்பு நோயுற்றதும், பயனெதுவும் விளையாத அசைவொன்றை நாம் தேடிப் போகின்றோம். பயன் விளைக்கும் அசைவோ அந்தப் பெண்களின் முதுகை நாள் முழுவதும் வளைக்கின்றது. ஒரு பாதையின் இருபுறமும் இரு வகை உடம்புகள்: ஒன்று உழைப்பின்றிக் கெட்டது, மற்றது உழைத்தே தேய்ந்தது. மறுவாரம் மண்வெட்டியை எடுத்துக் கொல்லையைக் கொத்தத் தொடங்கினோம். அன்னையார் கலங்கிப் போனார். "படிச்ச பிள்ளை மண்வெட்டி பிடிக்கிறதோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார். அவரை நாம் குறைகூறோம். மண்வெட்டியிலிருந்து எம்மை விடுவிக்கத் தம் காதுத் தோட்டை விற்றவர் அவர்.

இரண்டு மாதங்களில் நான்கு கிலோகிராம் குறைந்தது. கூடவே கர்வம் பிறந்தது. ஆசிரியர் ஓய்வறையிலும் வகுப்பறையிலும் எமது விரதத்தைப் பற்றிப் பேசலானோம். நாவை அடக்கியவனே நல்வாழ்வு பெறுவான் என்றோம். மனவுறுதி ஒன்றே போதும் என்றோம். பத்தாந்தர மாணவருக்கு "நோயற்ற வாழ்வு" எனக் கட்டுரைத் தலைப்பும் கொடுத்தோம்.

முப்பத்திரண்டு கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவை எமது பேச்சையே எமக்குத் திருப்பித் தந்தன. கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன் மட்டும் ஐந்தே வரிகள் எழுதியிருந்தான். அவற்றுள் இரண்டு வரிகளை நாம் மறவோம்: "எங்கள் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். ஆனால் எங்களுக்கு வைத்தியர் சொல்லவில்லை."

சிவப்பு மைப் பேனா கையில் இருந்தது. அதில் திருத்துவதற்கு எழுத்துப் பிழை ஒன்றுதானும் இருக்கவில்லை.

அது 2022 செப்டெம்பர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்த மாதம். முந்திய ஆண்டு இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததால் விளைச்சல் வீழ்ந்திருந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்தமையால் மீன் அரிதாயிற்று. அந்த மாணவனின் தந்தை கடற்றொழிலாளி. காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுந்தபோதெல்லாம் "வெயில்" என்று சொல்லிக் கடந்துபோன ஆசிரியர்களுள் நாமும் ஒருவர். எமக்குப் பசி ஒரு பயிற்சி. அவனுக்கு அது வீட்டு நிலைமை. இரண்டையும் வேறுபிரித்தறியாத நாவினால் மனவுறுதியைப் பற்றி உபதேசித்திருந்தோம்.

பிள்ளைகளின் வயிற்றில் வரவு செலவுத் திட்டம் கைவைப்பது இந்நாட்டில் புதிதன்று. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கம், பாடசாலை மாணவரின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். இதனை வரலாற்றுப் பாடமாக நாம் படித்திருந்தோம். வாங்கின் கடைசியில் இருந்தவன் எழுதிய பிறகே அது எமக்கு விளங்கியது.

மறுநாள் ஓய்வறையில் அந்த ஐந்து வரிகளை, பெயரைச் சொல்லாது, வாசித்துக் காட்டினோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர், ரோல்சுக்கும் தேநீருக்கும் செலவிடும் காசில் பாதியை ஒரு தகரப்பேணியில் இடுவதென ஏழு பேர் உடன்பட்டோம். தாய்மார் மூவர் முன்வந்தனர். சிவப்பரிசியும் பயறும் கொல்லை முருங்கையிலையும் சேர்ந்து காலைக் கஞ்சியாயின. பசித்தவர் மட்டும் வருக என்றால் ஒருவரும் வரமாட்டார். ஆகவே ஆசிரியர், மாணவர் யாவரும் ஒரே பானையிற் குடிப்பதென விதித்தோம். வைத்தியர் எமக்கு விதித்த உணவும் அதுவாகவே அமைந்தது.

இதனை வெற்றிக் கதையாகக் கூற நாம் விரும்பவில்லை. விலைகள் சற்றுத் தணிந்ததும் எழுவரில் மூவர் விலகினர். நாள்தோறும் கொதித்த பானை இப்போது வாரத்தில் இரண்டு நாட்களே கொதிக்கின்றது. ஒரு பானை கஞ்சி அரசாங்கத்தின் கடமையை நிறைவேற்றிவிடாது என்பதையும் அறிவோம். அந்தக் கடமையைக் கேட்டுப் பெறும் குரலைக் கஞ்சி அடக்கிவிடவும் கூடாது.

எமது உடம்பைக் கேட்பீர்களாயின், பத்து மாதங்களில் நிறை 77 ஆயிற்று. குளுக்கோசு 98 ஆக இறங்கியது. இன்றும் நடக்கின்றோம், தேநீரில் சீனியில்லை. இளைய நண்பர்களே, நீங்களும் தொடங்குங்கள். முப்பது வயதுக்கு முன் தொடங்குவது எளிது. உடம்பைப் பேணுவது தன்னலமுமன்று. ஆனால் உங்கள் நிறை குறைந்த கதையை வகுப்பறையிற் சொல்லுமுன், காலையில் உண்ணாது வந்திருப்பவர் யாரென்று அறிந்துகொள்ளுங்கள். கைகளை உயர்த்தச் சொல்லிக் கேளாதீர்கள். கடைசி வாங்கு வரை நடந்து சென்று பாருங்கள்.