கொழுக்குமலை: இறங்கும்போதுதான் இருக்கு விஷயம்!

மலை தமிழ்நாட்டோடது. ரோடு கேரளாவோடது. கொழுக்குமலையோட முதல் காமெடியே இதுதான்! ரெக்கார்டுபடி தேனி மாவட்டம். ஆனா ஜீப்பில் போகணும்னா போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, கேரளாவின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் நுழையணும். சொந்த வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு வழியா ஏறுற மாதிரி!

சூரியநெல்லியில் விடிகாலை நாலு மணிக்கே ஜீப்கள் உறும ஆரம்பிச்சிடும். சூரிய உதயம் பார்க்கணுமே! சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. தேயிலைத் தோட்டம் வரைக்கும் ஏதோ ரோடுன்னு சொல்லலாம். அப்புறம் வெறும் பாறாங்கல். குலுங்குற குலுங்கல்ல முந்தின நாள் சாப்பிட்ட புரோட்டா வரைக்கும் ஞாபகம் வருது.

எல்லார் கண்ணும் வெளியே இருக்க, என் கண்ணு மட்டும் டிரைவர் அண்ணனோட இடது கைப் பக்கம். கியர் ராடுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதே ஒரு குட்டி லிவர்... அதுதான் ஹீரோ. அதுக்குக் கீழே இருக்கிறதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். நமக்கெல்லாம் ஆட்டோமொபைல் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி. 'கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது'ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுவோம். இங்கே அது ரெண்டு மார்க் இல்லை பாஸ், ஜீப்ல இருக்கிற அத்தனை உசிரு!

"ஏறும்போது கஷ்டமாண்ணே, இறங்கும்போதா?"னு கேட்டேன்.

"ஏறும்போது வண்டி நின்னா நீங்க இறங்கி போட்டோ எடுப்பீங்க தம்பி. இறங்கும்போது நிக்கலைன்னா?"

அப்புறம் கொஞ்ச நேரம் நான் பேசவே இல்லை.

விஷயம் இதுதான். லிவரை 'லோ'வில் போட்டால் சக்கரத்துக்குப் போற இழுவை ரெண்டு, ரெண்டரை மடங்காகும். வேகம் அதே அளவு குறையும். இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். கால் பிரேக்கை லேசா தொட்டாப் போதும். ஆனா உள்ளே ஃபோர்க்கோ, ஸ்பிரிங்கோ தேஞ்சிருந்தா லிவர் 'டக்'குனு நியூட்ரலுக்குத் துள்ளிடும். கியர் ஃபர்ஸ்ட்லதான் இருக்கும், இன்ஜினும் ஓடும், ஆனா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருக்காது. சரிவில் கியர் போட்டு நிறுத்தின வண்டி தானா உருளுறதுக்கும் இதே நியூட்ரல் காரணமாகலாம். அதனால ஒரு தடவை துள்ளினாலும் அடுத்த டிரிப் கிடையாது, நேரா ஒர்க்‌ஷாப்தான். 'லோ' போடும்போது வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுசா மிதிச்சு, லிவரைக் கடைசி வரை தள்ளணும். பாதியில் விட்டா, பல் பாதி மட்டும் கவ்வி அங்கேதான் தேய ஆரம்பிக்கும்.

மேலே வந்தாச்சு. சிங்கப்பாறை பக்கம் கூட்டமோ கூட்டம். கீழே பஞ்சுமூட்டை மாதிரி மேகம், அதைக் கிழிச்சுக்கிட்டு ஆரஞ்சு கலர்ல சூரியன். எல்லாரும் 'ஓ'ன்னு கத்துறாங்க. டிரைவர் அண்ணன் மட்டும் சூரியனுக்கு முதுகு காட்டி, குனிஞ்சு வண்டிக்கு அடியில டார்ச் அடிக்கிறார். என்ன தேடுறார்? எண்ணெய்ச் சொட்டு!

வில்லிஸ் வம்சத்து பழைய ஜீப்கள்ல ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்துல இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஒட்டியே இருக்கும். அங்கே இருக்கிற ஆயில் சீல் போச்சுன்னா, கசியுற எண்ணெய் நேரா பிரேக் ஷூவை நனைக்கும். நூத்தம்பது ரூபாய்க்கோ இருநூறு ரூபாய்க்கோ கிடைக்கிற ரப்பர் வளையம்... அது போனா ஆயிலும் குறையும், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, நமக்குத்தான் அடி!

ஆயில் பார்க்கிறதும் பெரிய வித்தை இல்லை. சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கணும். துளையின் விளிம்பு வரைக்கும் இருந்தா ஓகே. பால் விட்ட டீ மாதிரி தெரிஞ்சா தண்ணி புகுந்திருக்கு. ஓடையில இறங்கின வண்டியில இது சகஜம். சூடான பாக்ஸ் சட்டுனு குளிரும்போது உள்ளே காத்தை இழுக்கும். மேலே இருக்கிற ப்ரீதர் துளை சேத்துல அடைச்சிருந்தா, சீல் வழியா தண்ணியையே இழுத்துக்கும். ப்ரீதரைச் சுத்தம் பண்ண ஒரு சின்னக் கம்பி போதும்.

சூரிய உதயம் முடிஞ்சா அடுத்து டீ ஃபேக்டரி. பழைய மரக் கட்டடம், பழைய மெஷின்கள், ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை உருட்டி டீ. சுமார் 7,900 அடி உயரம்னு பெருமையா சொல்றாங்க. குளிருக்கு அந்த டீ... ரெண்டு கப் அடிச்சேன்.

திரும்ப சூரியநெல்லி. கல் ரோடு முடிஞ்சு தார் ரோடு ஆரம்பம். நம்ம பசங்க வண்டியைக் கெடுக்கிறது மலையில் இல்லை, இங்கேதான்! ஃபோர் வீல்ல முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுத்தும்படி பூட்டியிருக்கும். வளைவுல முன் சக்கரம் அதிக தூரம் போகணும். சேத்துல வழுக்கிச் சமாளிச்சுடும். காஞ்ச தார்ல வழுக்காது. அந்த முறுக்கு மொத்தமும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளே சேரும். பல், செயின், ஜாயின்ட்... ஏதாவது ஒண்ணு உடையும். 2020-ல் வந்த தார், 2023-ல் வந்த ஜிம்னி வாங்கின அண்ணன்மார்களே, உங்க வண்டிக்கும் இதே விதிதான்.

லிவரே இல்லாத ஆல் வீல் டிரைவ் காருக்கு டயர்தான் வில்லன். ஒரு ஜோடி புது டயர், பட்டன் 8 மில்லிமீட்டர். இன்னொரு ஜோடி தேஞ்சு 3 மில்லிமீட்டர். சுற்றளவில் வித்தியாசம் சுமார் 31 மில்லிமீட்டர். கிலோமீட்டருக்குச் சக்கரம் 450 சுத்து சுத்துதுன்னு வெச்சா 14 மீட்டர்! நேர் ரோட்டுலயே அந்த 14 மீட்டரை நடுவில் இருக்கிற கப்ளிங் சூடாகித்தான் சமாளிக்கணும். நாலு டயரும் ஒண்ணா மாத்த காசு இல்லைன்னா, மாத்தி மாத்திப் போட்டு ஒண்ணா தேய விடுங்க.

தார் ரோடு ஓரமா அண்ணன் வண்டியை நிறுத்தினார். லிவரை இழுத்தார், வரலை. முறுக்கு பிடிச்சிருக்கு. சுத்தியல், கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஸ்டியரிங்கை நேரா வெச்சு ரெண்டடி ரிவர்ஸ் எடுத்தார். 'டொக்'!

லிவர் விரலோட வந்துச்சு. "ஆறு பேர்ல யாருக்கு வாந்தி வருது, முன்னாடி வாங்க"ன்னு சொல்லிட்டு டூ வீல்ல கிளம்பினார்.