நாற்பத்தேழில் ஏழு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். எங்கள் கடத்தூரில் ஞாயிறு என்றால் வெற்றிலைச் சந்தை. மூட்டைகள் போய்க்கொண்டிருந்த தெருவைப் பார்த்தபடி திண்ணையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தவன், "மாமா, நீங்க ஆறு வாரம் பண்ண கேடிய நாங்க அஞ்சே நாள்ல முடிச்சிடறோம்" என்றான். கேடி என்றால் வேலையை விட்டுப்போகிறவரிடம் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்வது. இப்போது அவர் வேலை செய்யும்போதே திரையைப் பதிவு செய்துகொள்கிறார்களாம், அதைப் பார்த்து எஸ்ஓபியை, அதாவது செய்முறைக் குறிப்பை, ஏஐ எழுதிவிடுகிறதாம். விமான டிக்கெட் மிச்சம், ஓட்டல் செலவு மிச்சம். "யாரும் யாரு மூஞ்சியும் பாக்க வேண்டியதில்ல" என்றும் சேர்த்துக்கொண்டான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பதினேழு வருடம் நான் சம்பளம் வாங்கியதே மூஞ்சி பார்த்ததற்குத்தான். வெளிநாட்டு அலுவலகத்தில் நடக்கிற வேலையை ஒரு நாள்கூட நிற்கவிடாமல் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ட்ரான்ஸிஷன் என்பார்கள். ஊரில் சொன்னால் "டேட்டா என்ட்ரியாப்பா?" என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் "வெள்ளக்காரன் வேலையப் புடுங்கிட்டு வர்ற ஆளு" என்று பக்கத்து இலைக்காரருக்கு என்னை அறிமுகம் செய்தார். ரசம் வருவதற்குள் விளக்கி முடிக்கிற சங்கதியா இது?

உலக வங்கி தன் கணக்கு வேலைகளைச் சென்னைக்கு மாற்றத் தொடங்கியதும், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி இங்கே ஸ்கோப் இன்டர்நேஷனலைத் திறந்ததும் 2001-ல். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீசில் வவுச்சருக்கு டிக் போட்டுக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த அலையில்தான் பிழைப்பு கிடைத்தது. எங்கள் தொழிலில் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. கேடி, அவர் செய்ய நாம் பார்க்கிற ஷேடோ, நாம் செய்ய அவர் பார்க்கிற ரிவர்ஸ் ஷேடோ, இரண்டு இடத்திலும் சேர்ந்து ஓடுகிற பேரலல் ரன், வேலை நம் கைக்கு வருகிற கோ-லைவ், அப்புறம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிற ஹைப்பர்கேர். ஆர்டர் கொடுத்த பிஓ, சரக்கு வந்ததற்கான ஜிஆர்என், வெண்டரின் இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் சிஸ்டமே பணத்தை அனுப்பிவிடும், அதற்கு ஆள் தேவையில்லை. ஒத்துப்போகாத பில்லுக்குத்தான் ஆள்.

அந்த ஒத்துப்போகாத பில்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அம்மா. 2008 அக்டோபர் கடைசியில், வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வெண்டர் பில் பிரிவில் அவர் முப்பத்தோரு வருடமாக ஒரே நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியை எடுக்கத்தான் நான் போயிருந்தேன், அது அவருக்கும் தெரியும். நூறு பேருக்குக் குறையாமல் ஆட்குறைப்பு செய்வதென்றால் 90 நாள் முன்பே தொழிலாளர்களிடம் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அன்றைக்கு அங்கே சட்டம். 2013-ல்தான் அதை 45 ஆக்கினார்கள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே என்னைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சாவு வீட்டில் பாகம் பிரிக்க வந்தவன் மாதிரி இருந்தது.

முதல் இரண்டு வாரம் கேட்டதற்கு மட்டும் பதில். இதை அழுத்து, இது பச்சையானால் போஸ்ட் செய். எஸ்ஓபி நாற்பது பக்கம் வந்துவிட்டது. சென்னையில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் தினமும் பதினோரு மணிவாக்கில் அவர் ஒரு கட்டுப் பில்லைத் தனியாக உருவி இழுப்பறையில் வைப்பார். என்ன அது என்றால், "அது வேறு வகை" என்பார். அதோடு சரி.

மூன்றாவது வாரம் கேள்வியை மாற்றினேன். எந்த வெண்டர் பில்லைக் கண்டால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்று கேட்டேன். முதல் முறையாகச் சிரித்தார். ஒரு லாரி கம்பெனியைப் பற்றி நாற்பது நிமிடம் திட்டித் தீர்த்தார். டீ ஆறிப்போனது. அப்புறம் இழுப்பறை திறந்தது. பில்களுக்கு அடியில் மூலை மடங்கிய ஒரு நோட்டு. 1991-ல் எழுத ஆரம்பித்தது.

நவம்பர் 24, திங்கட்கிழமை. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். நிதியமைச்சர் அலிஸ்டேர் டார்லிங் வாட் வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15-க்குக் குறைப்பதாக அறிவித்தார். அடுத்த திங்களே, டிசம்பர் 1 முதல் அமல். என் நாற்பது பக்கமும் 17.5-ல் நின்றது. அதே வாரம் இங்கே நிஷா புயல். சென்னைத் தெருக்களில் தண்ணீர் நிற்க, டீமில் பாதிப் பேர் ஆபீஸ் வர முடியவில்லை. பம்பாயில் துப்பாக்கிச் சூடு. இங்கிலாந்து அலுவலகத்தில் எல்லாரும் என் குடும்பம் பத்திரமா என்று விசாரித்தார்கள். கடத்தூருக்கும் பம்பாய்க்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லி மாளவில்லை.

அந்தம்மா பதறவில்லை. நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். 3/23 என்று எழுதி அடித்து, கீழே 7/47 என்று எழுதியிருந்தது. 1991 ஏப்ரலில் வரி 15-லிருந்து 17.5 ஆனபோது அவர் கையால் அடித்தது. இப்போது பேனாவை எடுத்து 7/47-ஐ அடித்துவிட்டு, அதன் கீழே மறுபடியும் 3/23 என்று எழுதினார்.

அதன் அருமை எனக்கு முந்தின வாரம்தான் தெரிந்திருந்தது. நாற்பத்தேழு பவுண்டு பெட்ரோல் ரசீது ஒன்றுக்கு எங்கள் பையன்கள் 17.5 சதவீதம் போட்டு எட்டு பவுண்டு இருபத்திரண்டு பென்ஸ் வரி எடுத்திருந்தார்கள். சரியான கணக்கு ஏழு பவுண்டு. ரசீதுத் தொகைக்குள்ளேயே வரி இருக்கிறது, நாற்பத்தேழில் ஏழு பங்கு. சிஸ்டம் தடுக்கவில்லை, எஸ்ஓபியில் இல்லை, நானும் கேட்கவில்லை. அந்தம்மா ரசீதைப் பார்த்த மாத்திரத்தில் விரலை வைத்தார்.

அந்த வாரம் முழுக்க நோட்டைத்தான் படித்தோம். நவம்பரில் வாங்கிய சரக்கை டிசம்பரில் திருப்பினால் கிரெடிட் நோட் பழைய வரியில்தான் வர வேண்டும். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வருகிற வாடகை பில்லை எங்கே வெட்டுவது. எந்த வெண்டர் மறந்துவிட்டு மார்ச் வரை பழைய வரியே போடுவான். கடைசியில் சொன்னதற்குப் பெயர்ப் பட்டியலே வைத்திருந்தார்.

2010 ஜனவரி 1-ல் வரி மறுபடி 17.5 ஆனது. 2011 ஜனவரி 4-ல் 20, அதாவது ரசீதில் ஆறில் ஒரு பங்கு. இரண்டு தடவையும் அந்த நோட்டின் ஜெராக்ஸ் எங்கள் மேசையில் இருந்தது. ஒரு கிரெடிட் நோட்டைக்கூட எங்கள் பிள்ளைகள் தவறவிடவில்லை. இதை யாரும் எங்கேயும் பாராட்டி எழுதவில்லை, அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

கிளம்புகிற அன்று அவர் கேட்டது, "உன் வேலை எங்கே போகும்?" சிரித்து வைத்தேன். எட்டு வருடம் கழித்து அதே வேலை மணிலாவுக்குப் போனது. ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண், கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு வாரம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மூன்றாவது வாரம்தான் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

2010-ல் தமிழக அரசு ஊரக பிபிஓ கொள்கை கொண்டுவந்தபோது கடத்தூரிலேயே ஒரு ஆபீஸ் வந்துவிடும், நானும் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வயதுதான் வந்தது.

இன்றைக்கு கேடி எத்தனை சதவீதம் முடிந்தது என்று டாஷ்போர்டில் பார்க்கிறார்கள். திரை பதிவாகிறது என்று தெரிந்தால் எந்த மனிதர் இழுப்பறையைத் திறப்பார்? பச்சையாகிற பில்லை மட்டும் வரிசையாகப் போஸ்ட் செய்து காட்டிவிட்டுப் போவார். வேலையையும் இழந்து, மிச்சத்தையும் அவர் ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் அப்பா அகத்தி வளர்ந்து நிழல் பிடிக்கிறவரை வெற்றிலைக் கொடியை நட விடமாட்டார் என்று அக்கா மகனிடம் சொன்னேன். "இது கொடிக்கால் இல்ல மாமா" என்றான்.

அவனும் இங்கிலாந்து வெண்டர் பில்தான் பார்க்கிறான். ஏஐ எழுதிய எஸ்ஓபியைக் காட்டச் சொன்னேன். அழகாகத்தான் இருந்தது, படமெல்லாம் போட்டு. பெட்ரோல் ரசீது இருக்கிற பக்கத்தைத் தேடினேன். கிரெடிட் நோட்டைத் தேடினேன். அதற்குள் அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"ஆறில் ஒண்ணுடா" என்றேன்.

"என்ன மாமா ஆறில் ஒண்ணு?" என்று கேட்டுக்கொண்டே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.