குறை எங்கே இருந்தது?

செம்மநத்தத்திலுள்ள எங்கள் வீட்டுச் சுவர்கள் தடித்த கருங்கல்லால் ஆனவை. மக்ரிபுக்குப் பின், இணையவழியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கப் பின்னறையில் அமர்வேன். அங்கே வைஃபை எட்டாததால் மெஷ் கருவியொன்றை வாங்கி அவ்வறையிலேயே வைத்தேன். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன, வேகம்தான் இல்லை.

ஒருநாள் ஒரு சிறுமி ஓதியபோது எழுத்துகள் விடுபட்டுக் கேட்டன. மூன்று முறை கடிந்து திருத்தினேன், அழுதுவிட்டாள். அவளுடைய தாயார், "ஹஜ்ரத், பிள்ளை சரியாகத்தான் ஓதுகிறாள்" என்றார்.

அன்றிரவே சோதித்துப் பார்த்தேன். ரௌட்டருக்கு அருகில் வேகம் குறையவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கருங்கல்லை எளிதில் ஊடுருவாது. பின்னறைக் கருவி நலிந்த அலையைப் பெற்று, அதையே எனக்குத் தந்துகொண்டிருந்தது. கோடுகள் காட்டியது அக்கருவியின் அருகாமையை மட்டுமே. அதைக் கூடத்தில், கதவுக்கு நேராக வைத்ததும் வேகம் கூடியது. பின்னர் இரண்டையும் லேன் கேபிளால் இணைத்தேன், தடங்கல் நீங்கிற்று.

மறுநாள் அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிகமான ஊகங்களைத் தவிர்க்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்தவன் நான். குறை என் அறையில் இருக்க, அதைப் பிள்ளையின் நாவில் தேடினேன்.

அல்லாஹ் நம் அனைவரையும் தவறான எண்ணத்திலிருந்து காப்பானாக. ஆமீன்.