மேர்ட்டிலை மட்டும் தெரிஞ்சா போதாது

ஹரி பொட்டர் பாத்த எல்லாருக்கும் அந்தப் பேயைத் தெரியும். ஹொக்வார்ட்ஸின் பெண்கள் கழிப்பறைக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரட்டைப் பின்னலோடு அழுது திரியும் மோனிங் மேர்ட்டில். நடிச்சது ஆரெண்டு கேட்டா எங்கட பட்ச்சில ஒருத்தருக்கும் தெரியேல்ல. ஷேர்லி ஹெண்டர்சன். 1965இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, ஃபைஃப் பகுதியில் வளர்ந்தவர். 2002இல் வந்த அந்தப் படத்தில் நடிக்கும்போது அவருக்கு வயது 36. மேர்ட்டிலுக்கு 14.

இதை எல்லாரும் ஒரு விநோதத் தகவலாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதுதான் பிரச்சினையே. சின்ன உருவம், கீச்சென்ற குரல். அப்படியான பெண்ணுக்கு மேடை என்ன பாத்திரம் தரும்? எங்கட கம்பஸ் நாடகங்களிலயும் இதுதான் நடக்குது. கட்டையான பிள்ளைக்குச் சிறுமி வேஷம், இல்லாட்டிக் கூட்டத்தில ஒராள். அவளிட்ட என்ன இருக்கெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

ஹெண்டர்சன் லண்டன் கில்ட்ஹோலில் நாடகம் படித்தவர். 1995 முதல் 1997 வரை பிபிசியின் 'ஹமிஷ் மக்பெத்' தொடரில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரி இசபெல். அதே காலத்தில்தான் 'ட்ரெயின்ஸ்பொட்டிங்'. அதில் வருவது கொஞ்ச நேரம்தான்.

1999இல் மைக் லீயின் 'டொப்சி டேர்வி' வந்தது. கில்பர்ட், சலிவன் இருவரும் 'மிக்காடோ'வை மேடையேற்றிய கதை. லியொனோரா பிராம் என்ற பாடகியாக ஹெண்டர்சன். மேடைக்கு வெளியே தனிமையும் குடியுமாக இருக்கிற பெண். நடிகர்களே சொந்தக் குரலில் பாடிய படம் அது. கடைசிக் காட்சியில் அவர் தனியாக நின்று பாடுவார். ஆக்கள் சிரிக்கிற அதே குரல்தான், ஆனா அங்க சிரிக்க ஏலாது. மேர்ட்டிலுக்கு மூண்டு வருசத்துக்கு முந்தியே இது நடந்திட்டுது எண்டதையும் கவனிக்கவேணும்.

சாலி பொட்டரின் 'யெஸ்' (2004) இன்னொரு விசித்திரம். முழு உரையாடலும் செய்யுளில். வீடு துப்பரவாக்கும் பெண்ணாக வரும் இவர் கமராவைப் பார்த்து நேரே எங்களோட கதைப்பார். முதலாளி வீட்டின் இரகசியமெல்லாம் அவருக்குத் தெரியும். ஏனெண்டா அழுக்கைத் துடைக்கிற ஆளை ஒருத்தரும் கவனிக்கிறேல்ல.

ரீவீ அவருக்கு இன்னும் ஆழமான இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன். 'சவுத்க்ளிஃப்' (2013) தொடரில் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த தாய். 2016இல் 'ஹப்பி வலி'யின் இரண்டாவது பருவத்தில், சிறையிலிருக்கும் கொலைகாரனிடம் மனதைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் பிரான்சிஸ். மெல்லிய குரலில் அன்பாகக் கதைப்பா. அதைக் கேக்கத்தான் பயம் வரும்.

பெரிய விருது கிடைத்தது மேடையால். 2017இல் லண்டன் ஓல்ட் விக்கில் கொனர் மக்ஃபெர்சனின் 'கேர்ள் ஃப்ரம் த நோர்த் கன்ட்ரி'. பொப் டிலனின் பாட்டுகளை வைத்து, 1934இல் மினசோட்டாவின் டுலூத் நகரில் நடக்கும் கதை. விடுதிக்காரனின் மனைவி எலிசபெத்தாக ஹெண்டர்சன். நினைவு குழம்பிப்போனவள், ஆனால் வீட்டில் மற்றவர்கள் மறைப்பதையெல்லாம் பட்டெனச் சொல்லிவிடுவாள். 2018இல் இசை நாடகத்துக்கான சிறந்த நடிகை ஒலிவியே விருது இவருக்கு. வயது 52. லண்டன் போய் நாடகம் பாக்க எங்களுக்கு வழியில்ல; இசைத்தட்டில கேட்டதுதான். 'லைக் அ ரோலிங் ஸ்டோன்' பாட்டை டிலன் பாடினா ஏளனம் தெரியும். இவ பாடேக்க அந்த வீட்டுக்காரியே தெருவில நிக்கிற மாதிரி இருக்கும்.

அடுத்த வருடமே 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் பாபு ஃப்ரிக் என்ற குட்டிப் பொம்மைக்குக் குரல் கொடுத்தார். திரும்பவும் முகமில்லை. அதையும் ஊரே ரசிச்சுது.

தொடங்க விரும்பினா 'சவுத்க்ளிஃப்' பாருங்க, நாலே பாகம்தான். இரவில தனிய இருந்து பாக்காதேங்கோ.