கறுப்பு எவ்வளவு கறுப்பு?

என் சித்தப்பா திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். போன செமஸ்டர் லீவுல அவருக்கு ஒரு ஆர்டர் வந்தது: நேவி ப்ளூ டி-ஷர்ட்டில் கறுப்பு டிசைன். மானிட்டரில் பார்த்தா ரெண்டும் ஒரே இருட்டு. கோடு எங்கே முடியுதுன்னு தெரியாமல், சாம்பிள் துணியில் அடிச்சு அடிச்சுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் துணியும் போகும், அரை நாளும் போகும்.

"ஏங்கண்ணு, புது மானிட்டர் வாங்கோணுமா? இருபதாயிரம் ஆகும்ங்கறாங்க" என்றார்.

"அளந்து பார்த்துட்டுச் சொல்றனுங்க சித்தப்பா" என்றேன்.

அளக்க வேண்டியது கான்ட்ராஸ்ட் ரேஷியோ. முழு வெள்ளைத் திரையின் வெளிச்சத்தை முழுக் கறுப்புத் திரையின் வெளிச்சத்தால் வகுத்தால் வருவது. எல்சிடி-யில் பின்னாடி பேக்லைட் எப்பவும் எரியும். கறுப்பு காட்டும்போதும் கொஞ்சம் கசியும். நல்ல ஐபிஎஸ் பேனலில் இது சுமார் 1000:1, விஏ பேனலில் 3000:1 வரை வரும். டப்பாவில் லட்சக்கணக்கில் போட்டிருப்பது 'டைனமிக்' கணக்கு. திரை முழுக்கக் கறுப்பானதும் பேக்லைட்டையே குறைச்சுக் காட்டுற வித்தை அது. அளக்கும் முன்னாடி மெனுவில் அதை ஆஃப் பண்ணணும்.

இதுக்கான மீட்டர் விலை அதிகம். நண்பனின் டிஎஸ்எல்ஆர் போதும். கேமரா சென்சாரில் விழும் வெளிச்சம் இரட்டிப்பானா, ரா ஃபைலில் எண்ணும் இரட்டிப்பாகும். ஜேபெக்கில் அப்படி இல்லை; காமா வளைவு போட்டு எண்களை மாத்திடும். அதனால ரா கட்டாயம். ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, மேனுவல் ஃபோகஸ். பிக்சல் கட்டங்கள் தெரியாதபடி ஃபோகஸை லேசா கலைச்சு விட்டேன். மாத்துறது ஷட்டர் வேகம் மட்டும்.

வெள்ளைத் திரையை 1/30 நொடியில் எடுத்தேன். 1/1000 மாதிரி வேகமா எடுக்கக் கூடாது. சில பேக்லைட்கள் வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும், கணக்கு தப்பிடும். அப்புறம் கறுப்புத் திரை. வெள்ளைக்கு வந்த அதே எண் வரும் வரை நேரத்தை நீட்டிக்கிட்டே போகணும். லென்ஸ் மூடியோட அதே நேரத்துக்கு ஒரு படம் எடுத்து, சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிச்சேன். எண்களைப் படிக்கப் பைத்தானில் ராபை லைப்ரரி, திரையின் நடுப்பகுதி மட்டும்.

ராத்திரி லைட் எல்லாம் அணைச்சிட்டு எடுத்தேன். திரையில் எதுவும் பிரதிபலிக்கக் கூடாதுன்னு ட்ரைபாடைக் கறுப்பு ஜெர்சி துணியால் மூடினேன். கட்டிங் வேஸ்டுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்! 25 நொடியில் அதே எண் வந்தது. 25-ஐ 1/30-ஆல் வகுத்தா சுமார் 750:1. பழைய மானிட்டருக்கு மோசமில்லை.

அடுத்த நாள், சித்தப்பா வேலை செய்யும் நேரத்தில், அவர் தலைக்கு மேலே டியூப்லைட் எரிய, அதே சோதனை. 5 நொடியிலேயே எண் நிரம்பிடுச்சு. 150:1. மானிட்டர் அதே மானிட்டர்தான். திரையில் பட்டுத் திரும்புற டியூப்லைட் வெளிச்சம் வெள்ளைக்குப் பெரிசில்லை. கறுப்புக்கு அதுவே பல மடங்கு. நேவிக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய வித்தியாசம் அதில் மூழ்கிப் போகுது.

மேசையைத் திருப்பி, டியூப்லைட் மானிட்டருக்குப் பின்பக்கம் வர்ற மாதிரி போட்டோம். மறுபடி அளந்தா 15 நொடி, அதாவது 450:1. நேவி மேலே கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரிஞ்சது. செலவு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

இதை வெச்சு ஷேட் அப்ரூவல் பண்ணிடலாம்னு யாரும் நினைக்க வேண்டாம். கான்ட்ராஸ்ட் வேற, நிறத்தின் துல்லியம் வேற. பையர் லேப் டிப் துணியை லைட் பாக்ஸுக்குள்ள வெச்சு, டி65, டிஎல்84 வெளிச்சத்தில் பார்த்துத்தான் ஓகே சொல்வார். மானிட்டரின் வேலை, அதுவரை வீணாகும் சாம்பிள்களைக் குறைக்கிறது.

உங்க போன் கேமராவில் ப்ரோ மோடும் ரா வசதியும் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல உங்க லேப்டாப்பை அளந்து பாருங்க. லைட் போட்டு ஒரு தடவை, அணைச்சு ஒரு தடவை. ரெண்டு எண்ணையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்க; அடுத்த இதழில் அட்டவணை போடலாம்.