வளர்ற வலி!

"அப்பா, முட்டி வலிக்குது."

பரீட்சையன்று காலையில் பையன் இப்படிச் சொன்னால் எந்த அப்பன் நம்புவான்? "நேத்து சாயங்காலம் பந்து உதைக்கிறப்போ வலிக்கலியா?" என்று ஓர் அதட்டல் போட்டேன். 11 வயசு. சத்தமில்லாமல் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான்.

"வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான்டா செய்யும்" என்று அம்மா தைலம் தேய்த்தாள். ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "கால்சியம் கம்மி சார்" என்றார். எதிர் சீட்காரர், "வாயு!" என்றார். நான் பி.காம். ஆயிற்றே! மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். டாக்டர் பீஸ் மிச்சம் என்று விடை வந்தது.

இரண்டு வாரம் கழித்து, அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் கடைக்கு நடந்து போனோம். திரும்பிப் பார்த்தால், இடது காலைத் தாங்கித் தாங்கி வருகிறான். நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று நேராக நடக்க முயன்றான். திட்டு விழுமே என்ற பயம்! வலி முட்டியிலிருந்து என் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

மறுநாளே எலும்பு டாக்டர். அவர் முதலில் முட்டியைத் தொடவே இல்லை. தொடையை மடக்கி, இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், வலி முட்டியில..." என்று இழுத்தேன்.

"இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் குழந்தைங்க முட்டியைத்தான் காட்டும்."

புரிந்துவிட்டது. தப்பு ஹெட் ஆபீஸில், மெமோ பிராஞ்சுக்கு!

இடுப்பு பாஸ். அடுத்து முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் விரலை வைத்து அழுத்தினார். "அம்மா!" என்று துள்ளினான்.

"ஆஸ்குட் ஷ்லாட்டர்" என்றார் டாக்டர். நான் வெலவெலத்துப் போனேன். ஒன்றுமில்லை, 1903-ல் அமெரிக்காவில் ஒருவரும் சுவிட்சர்லாந்தில் ஒருவரும் தனித்தனியே இதை விவரித்தார்களாம். அவர்கள் பெயர்தான். ஓடிக் குதிக்கும்போது, தொடைத் தசையின் நார் இன்னும் முற்றாத எலும்பை இழுத்து இழுத்து நோகடிக்கிறது. கொஞ்ச நாள் குதிக்காமல் ஐஸ் ஒத்தடம், தசைக்குப் பயிற்சி. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் போய்விடும்.

"அப்ப, அம்மா சொன்ன வளர்ற வலி?"

"அது பொதுவா ரெண்டு கால்லயும் சாயங்காலம், ராத்திரியில வரும். காலையில காணாமப் போயிடும். நொண்ட வைக்காது. ஒரே கால், ஒரே இடம், வீக்கம், காய்ச்சல், நொண்டல், காலையில விறைப்பு... இதுல எது இருந்தாலும் தைலத்தை மூடி வெச்சுட்டு டாக்டர்கிட்ட வந்துடுங்க."

வெளியே வந்ததும், "ஸாரிடா" என்றேன்.

"பரவால்லப்பா. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னாரு. பரீட்சை எழுதக் கூடாதுன்னு சொல்லலியா?" என்றான்.