அடிவானம் மறைந்தால்

2019-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோரப் பங்கு ஒன்றில், விடுப்பில் சென்ற குருவானவருக்குப் பதிலாக இரண்டு மாதம் பணியாற்றினேன். அப்பங்கைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் நால்வர் அமரும் சிறிய செஸ்னா விமானத்தைப் பொழுதுபோக்காக ஓட்டி வந்தார். ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் என்னையும் ஏற்றிச் சென்றார். மாட்டு வண்டியில் வளர்ந்தவன் நான். அதன் கதவு தகரம்போல் அதிர்ந்தபோது செபமாலையைப் பற்றிய கை இறங்கும்வரை தளரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீடு திரும்பிக் காப்பி அருந்துகையில் அவருடைய துணைவியார் என்னிடம் வழக்குரைத்தார்: "ஃபாதர், இவர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பெறும்வரை பிள்ளைகளை அதில் ஏற்ற விடமாட்டேன்."

"தெளிந்த வானில் மட்டும் பறப்பவனுக்கு அது எதற்கு?" என்றார் மருத்துவர்.

வெளியே பார்த்து ஓட்டுவதற்குச் சாதாரண விமானி உரிமம் போதும். மேகத்திற்குள் புகுந்து, கருவிகளை மட்டும் நம்பிச் செலுத்த வேண்டுமாயின் இத்தகுதி வேண்டும். குறைந்தது 40 மணி நேரக் கருவிப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, செயல்முறைத் தேர்வு, ஆயிரக்கணக்கான டாலர் செலவு. ஞாயிறு விமானிக்கு இது பெருஞ்சுமையே. மருத்துவரின் வாதம் எனக்கு முதலில் நியாயமாகவே பட்டது.

ஆயின் அம்மையார் அஞ்சியதற்கு அக்கடலே காரணம். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான கென்னடியின் மகன், தம் மனைவியுடனும் அவருடைய தமக்கையுடனும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நெருங்குகையில் கடலில் விழுந்து மூவரும் மாண்டனர். அவர் ஏறத்தாழ 310 மணி நேரம் பறந்தவர். கருவிப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. அன்று புயலோ மழையோ இல்லை. இருளும் மெல்லிய மூட்டமும் சேர்ந்து கடலையும் வானையும் ஒன்றாக்கிவிட்டன. திசையுணர்வு குழம்பியதால் விமானம் கட்டுப்பாடிழந்தது என்று 2000-ஆம் ஆண்டில் விசாரணை அறிக்கை கூறியது.

குருமடத்தில் எங்களுக்குத் தத்துவம் கற்பித்த முதிய குரு, நீரில் அமிழ்ந்த கோல் வளைந்து தோன்றுவதைக் காட்டி, புலன்களின் சான்றை அறிவு திருத்த வேண்டும் என்பார். கோலை வெளியே எடுத்துப் பார்க்கலாம். மேகத்தில் அதற்கு அவகாசமில்லை. விமானம் மெல்லச் சாய்ந்து வட்டமிட்டால், உட்செவியின் நீர்மம் அதற்குப் பழகி, நேரே செல்வதாகவே உணர்த்துகிறது. சாய்வை நிமிர்த்தினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். உடனே பழைய சாய்வுக்கே திருப்பத் தூண்டும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பழக்கமற்ற இருபது மாணவரை வெளியே காணவிடாமல் ஓட்டச் செய்து சோதித்தது. இருபதின்மரும் கட்டுப்பாடிழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை!

ஆகவே நான் அம்மையார் பக்கம் சாய்ந்தேன்; முழுமையாக அன்று. தகுதி பெற்றவரும் மேகத்தில் பறக்க வேண்டுமாயின், முந்தைய ஆறு மாதங்களுக்குள் ஆறு முறையேனும் கருவிவழி இறங்கிப் பழகியிருக்க வேண்டும் என்பது சட்டம். பழக்கம் விட்டுப்போனவரிடம் சான்றிதழ் வீண் துணிவையே வளர்க்கும் என அஞ்சுகிறேன். "மேகத்திற்குள் போவதற்காகப் படிக்க வேண்டாம், அறியாமல் அகப்பட்டால் பிள்ளைகளோடு வெளியேறுவதற்காகப் படியுங்கள்" என்றேன். மருத்துவர் மறுமொழி கூறவில்லை. விமானமறியாத பாமரன் விமானிக்கு உரைத்த அறிவுரையன்றோ!

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம் நான்டக்கெட் தீவுக்குப் பறப்பதாக இருந்தோம். காலையில் கடல்மூடுபனி. விமான நிலைய வேலியருகே நெடுநேரம் நின்று பார்த்தவர், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்களைப் படகுத் துறைக்கு அழைத்துச் சென்றார்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டையில், "பன்னிரண்டு மணி நேரம் முடித்துவிட்டேன்" என எழுதியிருந்தார். அதன் கீழே அம்மையாரின் கையெழுத்தில், "இன்னும் இருபத்தெட்டு" என்றிருந்தது.